தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும்: கோயில் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பஹாவ் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள்தான் அதிகம். படைப்பைப் பேணுதல், அதாவது கடவுள் படைத்த இயற்கையைக் காப்பது, பற்றி ஒரு பாடம் நடத்தினால் போதும், கூட்டிப்போக வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான். அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

பூசை வைக்கிறதும் ஜெபம் சொல்றதும்தானே கோயில் வேலை? குப்பைக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?

பூசையில் காணிக்கையாக வைக்கும் அப்பமும் திராட்சை ரசமும் எங்கிருந்து வந்தவை? நிலம் தந்தது, மனித உழைப்பு தந்தது என்று குருவானவர் அந்த நேரத்தில் சொல்லித்தான் ஒப்புக்கொடுக்கிறார். பீடத்தில் நிலத்தையும் உழைப்பையும் ஒன்றாக ஒப்புக்கொடுத்துவிட்டு, வெளியே வந்து இரண்டையும் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே இதற்குள் அடக்கம்.

சமூகப் போதனைன்னு சொல்றீங்களே, அது என்ன? பைபிள்ல இருக்கா?

மனிதர்கள் சேர்ந்து வாழும்போது எழும் கேள்விகளுக்கு நற்செய்தியை வைத்துத் திருச்சபை சொல்லும் பதில்கள்தான் சமூகப் போதனை. கூலி எவ்வளவு கொடுக்க வேண்டும், சொத்து யாருக்கு, ஏழைக்கு யார் பொறுப்பு என்பது போன்ற கேள்விகள். வேர் விவிலியத்தில் இருக்கிறது. ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விட வேண்டும், அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும் என்று விடுதலைப் பயணம் 23இல் படிக்கிறோம். அறுவடையில் சிந்தியதைப் பொறுக்காதே, எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது லேவியர் 19. இதை வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன், "எங்க மண்டோர் ஒரு உதிரிப் பழம் கிடந்தாலும் ஏசுவாரே டீச்சர்" என்றான். (மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர்.) அந்த வசனத்தை அவனைவிட நன்றாக யாரும் புரிந்துகொண்டிருக்க முடியாது.

சுற்றுமடல் (திருத்தந்தை எழுதும் பொதுக் கடிதம்) என்ற வடிவில் இது தொடங்கியது 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய ‘ரேரும் நோவாரும்’ மடலில். நம் பாட்டன்மார் லியோவைச் சிங்கராயர் என்பார்கள். குடும்பம் பிழைக்கும் அளவுக்குக் கூலி கொடுக்க வேண்டும், தொழிலாளர்கள் சங்கம் சேரலாம் என்று அவர் எழுதினார். அந்தக் காலத்தில் நம்மவர்கள் கரும்புக்கும் காப்பிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்த மலாயாவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் காலம் பிறகுதான். ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது 1910இல். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, அந்த 13ஆம் லியோவை நினைத்துத்தான் தன் பெயரைத் தேர்ந்துகொண்டார்.

சுற்றுச்சூழல் எல்லாம் போப் பிரான்சிஸ் கொண்டு வந்த புதுசுதானே? எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது.

அவருக்கு முன்பே இருந்தது. இயற்கையை யோசிக்காமல் சுரண்டினால் அதை அழித்துவிட்டு அந்த அழிவுக்கு நாமே பலியாவோம் என்ற எச்சரிக்கையை 1971இலேயே ஆறாம் பவுல் எழுதினார். இரண்டாம் யோவான் பவுல் 1979இல் அசிசி பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1990 புத்தாண்டு சமாதானச் செய்தியையும் முழுக்கப் படைப்பைப் பற்றியே எழுதினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கென்றே ஒரு முழுச் சுற்றுமடல் எழுதினார். அதுதான் ‘இறைவா உமக்கே புகழ்’. 2023 அக்டோபர் 4 அன்று, காலநிலை பற்றி ‘லவுதாத்தே தேயும்’ என்ற தொடர்ச்சியும் வந்தது.

அந்த மடல் ரொம்பப் பெரிசாமே. முழுசும் படிக்கணுமா?

‘இறைவா உமக்கே புகழ்’ மடல் ஆறு அதிகாரம், 246 பத்தி. பிள்ளை வளர்ப்பவர்கள் ஆறாம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். கல்வியைப் பற்றிய பகுதி அங்கேதான் வருகிறது. 211ஆம் பத்தி நம் வீட்டுக்குள்ளேயே வந்து பேசுகிறது: பிளாஸ்டிக்கைக் குறை, தண்ணீரை அளந்து செலவழி, குப்பையைப் பிரி, சாப்பிடும் அளவுக்குச் சமை, மரம் நடு, தேவையில்லாத விளக்கை அணை.

49ஆம் பத்தியையும் விட்டுவிடாதீர்கள். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அங்கே வருகிறது. மற்றவர்கள் அதைப் புதுக் கருத்தாகப் படிக்கலாம். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது கண்ணால் கண்ட விஷயம். என் அம்மா பல வருஷம் மருந்து அடிக்கும் வேலை செய்தவர். முதுகில் பம்பு, வாயைச் சுற்றி ஒரு பழைய துண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டுப் பட்டு விரல் நகங்கள் நிறம் மாறி வெடித்திருந்தன. சாயங்காலம் வந்ததும் எங்களைத் தொட விடமாட்டார், சட்டையைத் தனி வாளியில் ஊற வைப்பார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அப்போது மழைத் தண்ணீர் பிடித்து வைத்தது எதில் தெரியுமா? அதே மருந்து வந்த காலி டிரம்மில். அப்பா அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி வைப்பார். மண்ணில் விழுந்த விஷமும் அம்மாவின் கையில் பட்ட விஷமும் ஒரே பம்பிலிருந்து வந்தவை. மலேசியாவில் பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான்.

தொடக்கநூல்ல "பூமியை ஆளுங்கள்"னு கடவுளே சொல்லியிருக்காரே? அப்புறம் ஏன் நம்மைக் குறை சொல்றீங்க?

முதல் அதிகாரத்தில் அப்படி இருக்கிறது, உண்மைதான். ஒரு பக்கம் தள்ளி இரண்டாம் அதிகாரம் 15ஆம் வசனத்துக்கு வாருங்கள். ஏதேன் தோட்டத்தைப் "பண்படுத்தவும் பாதுகாக்கவும்" மனிதனைக் கடவுள் அங்கே வைத்தார். தோட்டம்! நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பண்படுத்துவது மட்டும் வேலை என்று நினைத்தவர்கள் பாதி வசனத்தோடு நின்றுவிட்டார்கள். முதல் வசனத்தை இரண்டாவதோடு சேர்த்துப் படிக்கச் சொல்லித்தான் மடலின் 67ஆம் பத்தி விளக்குகிறது.

இந்தப் பஹாவ் மண்ணே இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், 1943 கடைசியிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களை இங்கே அனுப்பிக் காட்டை வெட்டிப் பயிர் செய்ய வைத்தார்கள். ஆயர் டெவால்சும் கூடவே வந்து மண்வெட்டி பிடித்தார். மண் அவர்கள் நினைத்தபடி விளையவில்லை, மலேரியா ஏராளமானோரைக் கொண்டுபோனது. ஆயரும் காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்துபோனார். நல்ல எண்ணத்தோடு வந்தவர்களுக்குக்கூட நிலம் உத்தரவுக்குப் பணியாது.

அப்போ மரத்தையும் ஆத்தையும் கும்பிடச் சொல்றீங்களா?

இல்லை. நாம் கும்பிடுவது படைத்தவரை. ஆனால் ஒருவர் ஆசையாகச் செய்து கொடுத்த பொருளை மிதித்துவிட்டு, அவர்மேல் அன்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? பள்ளிக்கூடத்துலயும் படிக்கிறாங்க, பரீட்சையில எழுதுறாங்க, வீட்டுல லைட்ட அணைக்க மாட்டேங்கிறாங்க.

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தகவல் மட்டும் கொடுத்தால் பழக்கம் வராது என்று மடலே ஒப்புக்கொள்கிறது. பள்ளி, ஊடகம், மறைக்கல்வி எல்லாம் உண்டு என்றாலும், குடும்பம்தான் முதலிடம் என்கிறது 213ஆம் பத்தி. நன்றி சொல்வதும், தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்பதும்கூட அதே பத்தியில் வருகிறது. நன்றி சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தட்டில் இருக்கும் சோறு யாரோ கொடுத்தது என்று தெரியும். அதனால் நான் சாப்பாட்டு ஜெபத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

வகுப்பில் மூன்று காரியம் செய்து பார்த்தேன். ஒரு வாரம், வீட்டில் மிஞ்சிக் கொட்டிய சோறு கறியை ஒரு டப்பாவில் போட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்து அப்பத்தைப் பலுகச் செய்த இயேசு, மிஞ்சிய துண்டுகளை ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னதை (யோவான் 6:12) அதற்கு அப்புறம்தான் வாசித்தோம். நிறுத்துப் பார்த்த பிள்ளைகளிடம் அந்தப் பன்னிரண்டு கூடைகளைப் பற்றி நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வாரம், கோயில் பின்னால் ஓடும் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகிறது என்று வரைபடத்தில் விரலால் தொடர்ந்தோம். நம் ஜெம்போல் வட்டாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பழங்காலத்தில் வியாபாரிகள் படகைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோன பெனாரிக்கான் இங்கேதான் இருக்கிறது. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆறு பகாங் ஆற்று வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போகிறது. நாம் வீசும் ஒரு மிட்டாய்க் காகிதம் இந்தப் பக்கக் கடலுக்கும் போகலாம், அந்தப் பக்கக் கடலுக்கும் போகலாம். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் வரைபடத்தை விட்டு நகரவில்லை.

மூன்றாவது, பாட்டியிடம் பேட்டி. "லயத்தில் இருந்தபோது என்னென்ன தூக்கிப் போட்டீர்கள்?" என்று கேட்டு வர வேண்டும். பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன: தூக்கிப் போட என்ன இருந்தது? பால் டின்னில் கயிறு கட்டிக் காப்பி வாங்கி வருவோம். மாவுச் சாக்கு தலையணை உறையாகும். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் தூக்குவோம், சோற்றை வாழை இலையில் கட்டுவோம். அது வறுமையால் வந்த சிக்கனம், அதை அழகுபடுத்திப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் இன்னும் வீட்டில் உயிரோடு இருக்கிறது. பாட்டியை ஆசிரியராக உட்கார வையுங்கள்.

கோயில் திருவிழாவுலயே அவ்வளவு பிளாஸ்டிக் சேருது. முதல்ல கோயில் திருந்தட்டும்.

நியாயமான கேள்வி. வேளாங்கண்ணி மாதா திருநாள் செப்டம்பர் 8. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருச்சபை ‘படைப்பின் காலம்’ கொண்டாடுகிறது. ஆக, படைப்புக்காக ஜெபிக்கும் மாதத்திலேயே நாம் அதிகக் குப்பை போடுகிறோம். ஒரு வருஷம் திருவிழாவுக்கு மறுநாள் காலை பிள்ளைகளோடு திடலுக்குப் போனேன். பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள் புல்லெல்லாம் கிடந்தன. மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வாளியில் ஊற்றினோம். நான்கு வாளி நிறைந்தது. அந்தத் தண்ணீரைக் மாதா சிலை இருக்கும் கெபியைச் சுற்றியிருந்த செடிகளுக்கே ஊற்றினோம்.

அதற்கு அடுத்த வருஷம் குழாய் வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டிகள் வைத்து, வீட்டிலிருந்து டம்ளர் கொண்டு வரச் சொன்னோம். பாதிப்பேர்கூடக் கொண்டு வரவில்லை. முணுமுணுப்பும் இருந்தது. மறு வருஷம் கொஞ்சம் கூடியது. அசன விருந்துக்கு வாழை இலை திரும்பி வந்ததுதான் எல்லாருக்கும் சந்தோஷம். குருத்தோலை ஞாயிறின் ஓலைகளைச் சேர்த்து வைத்து, அடுத்த சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. எதையும் வீணாக்காமல் இருக்கத் திருச்சபைக்குத் தெரியும்.

குப்பையைப் பிரிச்சு வச்சாலும் லோரியில ஒண்ணாத்தானே அள்ளிப் போடுறாங்க?

நெகிரி செம்பிலானில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பர் 1இல் நடப்புக்கு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள் என்பது ஏற்பாடு. பலர் நாளைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைப்பதால்தான் ஒன்றாகப் போகிறது. உங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) எந்த நாள் என்று தெரிந்துகொண்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய படைப்புக்கான உலக ஜெப நாளும் முதன்முதலாக அதே 2015 செப்டம்பர் 1 அன்றுதான் கடைப்பிடிக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டதல்ல, ஆனாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

வீட்டுப் பின்னால இலை தழை கொளுத்துறேன். அதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?

திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. பாவமா என்றால், படைப்புக்கு எதிரான குற்றம் கடவுளுக்கு எதிரான பாவம் என்று ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயு சொன்னதைத் திருத்தந்தை பிரான்சிஸ் மடலின் 8ஆம் பத்தியில் எடுத்துக்காட்டுகிறார். 2013 ஜூனில் புகைமூட்டத்தால் மூவாரில் அவசர நிலை அறிவித்தது நினைவிருக்கும். பக்கத்து வீட்டில் இழுப்பு வரும் பிள்ளை இருப்பது தெரிந்தும் கொளுத்தினால், உங்கள் மனச்சாட்சியிடமே கேட்டுப் பாருங்கள். தழையை மூலையில் குவித்து மண் போட்டு வையுங்கள், சில மாதத்தில் செடிக்கு உரம் கிடைக்கும்.

எங்க சோறே செம்பனையிலதான். செம்பனை காட்டை அழிக்குதுன்னா நாங்க எங்க போறது?

இதைக் கேட்பவர்கள் கோபத்தோடுதான் கேட்பார்கள், அது எனக்குப் புரிகிறது. கோலசிலாங்கூரில் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனை நட்ட நாளிலிருந்து, எந்தக் காட்டை வெட்டுவது, என்ன நடுவது என்று நம்மவர்களை யாரும் கேட்டதில்லை. முடிவு எடுக்காதவன் தலையில் பழியைப் போடுவதைச் சமூகப் போதனை ஏற்காது. சூழலுக்கு ஒரு நெருக்கடி, சமூகத்துக்கு வேறொரு நெருக்கடி என்று இரண்டு கிடையாது, இருப்பது ஒன்றே என்கிறது 139ஆம் பத்தி. அதனால் தொழிலாளியின் வேலையைப் பறித்துவிட்டுப் பூமியைக் காப்பாற்றியதாகக் கணக்குக் காட்ட முடியாது.

செம்பனையை நல்லபடியாகவும் வளர்க்கலாம், மோசமாகவும் வளர்க்கலாம். எலிக்கு விஷம் வைக்காமல் ஆந்தைக் கூண்டு வைக்கும் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பழம் உதிர்ந்த வெறுங்குலையை எரிக்காமல் மரத்தடியில் பரப்புகிறார்கள், மட்டையை வரிசையாக அடுக்கி மண் அரிப்பைத் தடுக்கிறார்கள். ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து எரிபொருளாக்கவும் முடியும். மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். காடு மிச்சமிருக்கும் இடத்தில் இனி வெட்டக் கூடாது என்று சொல்வதும், இருக்கும் தோட்டத்தில் நியாயமான கூலியும் பாதுகாப்பும் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இப்போ தோட்டத்துல இருக்கிற வெளிநாட்டுக்காரங்கதான் குப்பையைக் கண்ட இடத்துல போடுறாங்க. அவங்களுக்குப் போய்ச் சொல்லுங்க.

நாம் தாமானுக்கு வந்துவிட்டோம். நாம் விட்டு வந்த லயத்தில் இப்போது வங்காளதேசத்துக்காரரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். அந்த வரிசைக்குக் குப்பை லோரி போகிறதா, தொட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாம் அங்கே இருந்தபோது நம்மைப் பற்றியும் ஊரில் இதே பேச்சுத்தான் பேசினார்கள், என் காதாலேயே கேட்டிருக்கிறேன். லேவியரில் எளியவரோடு அந்நியரும் இருந்தாரே, அவர்தான் இவர்.

பெரிய கம்பெனியும் பணக்கார நாடும் கெடுக்குது. நான் ஒரு பை குறைச்சா உலகம் மாறிடுமா?

உங்கள் பையால் மட்டும் மாறாது. தனியாள் திருந்தினால் மட்டும் போதாது, சமூகமாகச் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று 219ஆம் பத்தி தெளிவாகச் சொல்கிறது. அப்புறம் ஏன் பை? பழகிய கைதான் பெரிய காரியத்துக்கும் நீளும். திருவிழாத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்தவர்களே பிறகு, கால்வாய் அடைத்ததற்கு நகராண்மைக் கழகத்துக்குக் கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுத்தார்கள்.

அப்படிக் கடிதம் கொடுக்கிறது அரசியல் இல்லையா? கோயில் அதுல தலையிடலாமா?

எந்தக் கட்சி, எந்தத் தொழில்நுட்பம் என்று தீர்ப்புச் சொல்வது திருச்சபையின் வேலை இல்லை. அறிவியல் கேள்விகளைத் தீர்த்து வைக்கவோ அரசியலின் இடத்தைப் பிடிக்கவோ அது முயலவில்லை என்று 188ஆம் பத்தியில் இருக்கிறது. ஆனால் சுத்தமான குடிதண்ணீர் அடிப்படை மனித உரிமை என்று 30ஆம் பத்தி சொல்கிறதே! ஆறு நாறும்போது ஊர்க்காரராகக் கேட்பதில் தப்பு எதுவும் இல்லை. பக்கத்துச் சூராவில் தொழும் முஸ்லிம்களையும் மாரியம்மன் கோயில்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மடல் உலகத்து மனிதர் எல்லாருக்கும்தான் எழுதப்பட்டது, தண்ணீரும் எல்லாரும் குடிப்பதுதான்.

டீச்சர், எங்க அப்பா மருந்து அடிக்கிற வேலை பாக்குறாரு. அவரு பாவம் செய்றாரா?

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பையன் கேட்டது. இல்லை கண்ணா என்றேன். என் அம்மாவைப் பற்றி மேலே எழுதியதை அவனிடமும் சொன்னேன். அப்பா உழைத்துத்தான் உனக்குச் சோறு வருகிறது. என்ன மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்பவர் அவர் இல்லை. தொழிலாளியின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கையுறையும் முகமூடியும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று அப்பாவிடம் கேள், அவர் சட்டையை உங்கள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல் என்றேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவே வந்தார். மருந்துப் போத்தலின் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். எழுத்து எறும்பு மாதிரி இருக்குதும்மா, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியலை என்றார். பையன் படத்தைப் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.